சேமித்து வைத்த குரல்

என் தங்கைக்குக் கல்லூரியில் வீட்டுப்பாடம் கொடுத்தால் போதும், எங்கள் வீடு பளபளவென்று ஆகிவிடும். பாடத்தைத் தவிர எல்லாவற்றையும் செய்து முடிப்பாள். பேச்சு சிகிச்சை படிக்கிறாள். இந்த முறை வேலை சின்னதுதான். வீட்டில் ஒருவரைப் பேச வைத்துப் பதிவு செய்து, அந்தக் குரலைப் பற்றி எழுத வேண்டும். அவள் அப்பாவைத் தேர்ந்தெடுத்தாள். காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். வருகிற திங்கட்கிழமை குரல்வளையையே எடுத்துவிடப்போகிறார்கள்.

அப்பா பஸ் கண்டக்டர். டிப்போவில் 'மைக்கு' என்று கேட்டால்தான் அவரைத் தெரியும். பின் படிக்கட்டில் நின்று கத்தினால் டிரைவரின் தூக்கம் கலையும் என்பார்கள். நோய் வந்து கரகரத்த பிறகும் அந்தக் குரலைத் தெருமுனையிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

"குரலை வீணாக்காதீங்க. பிள்ளை பதிவு பண்ணணும்ல" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து அப்பா வாயைத் திறக்கவில்லை. பஸ்ஸைத் தட்டுவதுபோல மேஜையைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் வேண்டாம், இரண்டு தட்டு என்றால் சரி. மறந்துபோய்ப் பேச வந்தால், நானே உதட்டில் விரலை வைத்து மிரட்டுவேன். பெரிய வாத்தியாரம்மா நான்!

சாயங்காலமானால் தலைவாரி, சட்டை மாற்றி, தங்கை அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். அவளோ அலமாரியைக் காலிசெய்து திரும்ப அடுக்குவாள். கவனம் சிதறாமல் படிப்பது எப்படி என்று போனில் வீடியோ பார்ப்பாள். அது முடிந்ததும் யாரோ பூனைக்குட்டியைக் குளிப்பாட்டும் வீடியோ ஓடும்.

"ஏண்டி, மனுஷன் புது மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்காரு, நீ பூனையைப் பாத்துட்டிருக்கே" என்று அம்மா சிரித்தாள்.

"வெளியில ஒரே சத்தமா இருக்கும்மா. நாளைக்குப் பண்றேன்."

அப்பா இரண்டு தட்டு தட்டிவிட்டு எழுந்து போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்கே நல்லா இருக்காடி இது?" என்று அவளை மாடிக்கு இழுத்துப்போய்க் கேட்டேன்.

"பதிவு பண்ணிட்டா எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு ஆயிடும்க்கா. பண்ணாத வரைக்கும் அப்பா இன்னும் பேசுவாருன்னு இருக்கு."

அதற்குமேல் அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் என்று சத்தியம் செய்தாள். நானும் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் தேய்க்கும்போதே அப்பாவுக்கு மூச்சு அடைத்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்ததும் மூச்சு வந்தது, குரல் வரவில்லை. மறுநாள் திட்டமிட்டபடி ஆபரேஷனும் முடிந்தது.

அன்று வெளியே வந்த டாக்டரிடம் அம்மா புலம்பினாள். "ஒரு வார்த்தை பேச விடாம பத்திரமா வச்சிருந்தோம் டாக்டர். ஒண்ணுக்கும் உதவாம போச்சே."

"யாரு பேசக்கூடாதுன்னு சொன்னது?"

"நாங்களாத்தான்..."

"நல்லா பேசியிருக்கலாமேம்மா. பேசறதால அது தீர்ந்துபோயிடாதே" என்றவர், அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். "சரி, உயிருக்கு இனிமே பயமில்ல."

தங்கையின் பேராசிரியை நல்லவர். விஷயம் கேள்விப்பட்டு இன்னும் ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார். வேறு யாரையாவது பதிவு செய்யலாம் என்று சொன்னாராம். தங்கை போனைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் தேம்பித் தேம்பி அழுதாள்.

அப்பா எழுந்து உட்கார ஆரம்பித்த அன்று, அம்மா கட்டிலருகே குனிந்தாள்.

"அன்னிக்கு சமையக்கட்டுக்கு வந்து எங்கிட்ட ஏதோ சொல்ல வாயெடுத்தீங்களே. அவகிட்ட சொல்லுங்க, பதிவாகட்டும்னு நான்தான் வாயைப் பொத்திட்டேன். என்ன சொல்ல வந்தீங்க?"

அப்பா என் போனை வாங்கி, மெதுவாக ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி அம்மாவிடம் நீட்டினார்.

'விசேஷமா ஒண்ணுமில்ல. உங்கிட்ட சும்மா பேசிட்டிருக்கணும்போல இருந்துச்சு.'