அரை அங்குலம்

என் தையலில் பிசிறு இருந்ததாக எங்கள் ஆலையில் ஒருவரும் சொன்னதில்லை. அதனால்தான் வெளியிலிருந்து ஓர் ஓவியக்காரம்மா பெண்கள் கண்காட்சிக்கு ஆள் கேட்டு வந்தபோது, கீழ்மாடி சார்பில் நான் முதலில் போய் நின்றேன்.

மேல்மாடியில் துணி வெட்டுகிறார்கள், கீழ்மாடியில் நாங்கள் தைக்கிறோம். அவர்களுக்கு நீலச் சட்டை, நிரந்தர வேலை. எங்களுக்குப் பழுப்புச் சட்டை, ஒப்பந்தம். கேன்டீனில்கூடத் தனித்தனி மேஜை. என் சொந்த அக்காதான் மேல்மாடி மேற்பார்வையாளர். என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள், மூன்று வருஷமாக ஆலைக்குள் என்னைக் கண்டால் சுவரைப் பார்க்கிறாள். எல்லார் முன்னாலும் ஒரே ஒரு தடவை அவள் வாயால் 'என் தங்கச்சி' என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஓவியக்காரம்மாவின் யோசனை எளிது. பழைய சட்டைகளை ஒட்டுப்போட்டு அவரவர் மாடி ஒரு திரை செய்வது; கூடத்தின் நடுவே பெரிய மரச்சட்டத்தில் மாட்டி, நீலத்தையும் பழுப்பையும் மத்தியில் இணைப்பது. வெளி ஓரங்களை ஆணியடித்தாயிற்று. மாலை திறப்பு. மதியம் வந்து பார்த்தால், நடுவில் தையலுக்குத் துணியே இல்லை! இரண்டு ஓரமும் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

"தையலுக்கு அரை அங்குலம் விட்டு வெட்டணும்னு தெரியாதா உங்களுக்கு?" என்று நீலச் சட்டைகளைப் பார்த்துக் கத்தினேன்.

அக்கா முன்னால் வந்தாள். "நீங்க விடுவீங்கன்னு நாங்க விடல."

எனக்குச் சுருக்கென்றது. நாங்களும் அதே நினைப்பில்தான் விடவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். யார் போய்க் கேட்பது?

ஓவியக்காரம்மா தலையில் கை வைத்தார். "இதை எடுத்துடலாமா?"

"நான் இருக்கிறப்ப எதுக்கு எடுக்கணும்? கையால தைப்போம். அந்தப் பக்கம் ஒரு ஆள் நின்னு ஊசியை வாங்கித் திருப்பிக் குத்தினா போதும்."

நீலச் சட்டைகளில் ஒருத்தியும் அசையவில்லை. அக்கா அவர்களை ஒரு பார்வை பார்த்தாள். "இவங்கள்ல தைக்கத் தெரிஞ்சவ நான்தான், என்ன செய்ய," என்று முணுமுணுத்தபடி திரைக்குப் பின்னால் போனாள்.

நான் குத்துவேன், ஊசி மறையும், நூல் இழுபடும், ஊசி திரும்பி வரும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. அதனாலேயே பேச்சு வந்தது.

"மெதுவாடி, விரல்ல குத்திட்டே!"

"மூணு வருஷத்துக்கு ஒரு குத்துதானே. பொறுத்துக்கோ."

ஊசி திரும்பவில்லை. நூலை மெல்ல இழுத்துப் பார்த்தேன்.

"மேல என்ன பேசுவாங்களோன்னு பயந்துட்டேன்டி," என்றாள் கடைசியில்.

"தெரியும். ஊசியைக் குடு."

மாலையில் கூடம் நிறைந்தது. பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி இணைப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, தைத்தவள் என்று ஓவியக்காரம்மா கைகாட்டிய அக்காவிடம் கேட்டாள்: "உங்களுக்கு எதிர்ல நின்னு தச்சது யாரு?"

மேல்மாடி மொத்தமும் அக்காவைப் பார்த்தது. அவள் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியது. போச்சு, என்று நினைத்தேன்.

திரும்பிய முகம் திரும்ப வந்தது. "என் தங்கச்சி," என்றாள், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. "கூடப் பிறந்தவ. வாய்தான் ஜாஸ்தி, தையல் நேரா வரும்."

எல்லாரும் சிரித்தார்கள். நேராகத்தான் வந்திருந்தது, என் பக்கம். அவள் பக்கத்தில் நாலு இடத்தில் கோணல். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பாழாய்ப்போன கண் முந்திக்கொண்டது.