மிக மிக அடங்கவில்லை

எட்டாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு நான் லீடர் ஆனதற்கு ஒரே காரணம் என் கையெழுத்து. அறிவு, நேர்மை, துணிச்சல் என்று எதையும் யாரும் பார்க்கவில்லை. ஓட்டுப் போடவும் இல்லை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரத்தில், வகுப்பாசிரியர் அம்பலவாணன் சார் எல்லோரையும் பெயரும் ஊரும் எழுதிக் காட்டச் சொன்னார். நோட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர் என்னிடம் வந்ததும் நின்றார்.

"ஏளா கோமு, நீதான் லீடர். போர்டுல எழுதுனா வாசிக்கும்படியா இருக்கணும்லா."

லீடருக்கு என்ன வேலை என்று தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சார் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுத வேண்டும். மேலும் பேசினால் பக்கத்தில் 'அடங்கவில்லை'. அதற்கும் மசியாவிட்டால் 'மிக அடங்கவில்லை'. கடைசியாக 'மிக மிக அடங்கவில்லை'. இது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உண்டு. ஆனால் வண்ணார்பேட்டையில் எங்கள் வகுப்புக்கு மட்டும் அம்பலவாணன் சார் தனியாக ஒரு சட்டம் போட்டிருந்தார். எழுதிய பெயரை லீடர்தான் அழிக்க வேண்டும். அதுவும் சும்மா அழிக்கக் கூடாது. பெயர் உள்ளவர் போர்டு முன்னால் வந்து நின்று, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, "மன்னிச்சிரு லீடர்" என்று சொல்ல வேண்டும்.

"நானே வந்து சொன்னாலும் அழிக்கப்பிடாது. சட்டம்னா எல்லாருக்கும் சட்டந்தான்" என்று மேசையைத் தட்டிச் சொன்னார்.

எனக்கு அது பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், ரொம்பவே பிடித்திருந்தது. ரப்பர் கேட்டவன் பெயரைக்கூட எழுதியிருக்கிறேன். பிச்சைக்கண்ணு தும்மியதற்கு எழுதினேன். அவனும் எழுந்து வந்து மூக்கைத் துடைத்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டான். அந்த வயதில் கையில் ஒரு சாக்பீஸ் கிடைத்தால் போதும், தலை கால் புரியாது.

அந்த வருடம், தொண்ணூற்று ஏழு, பள்ளிக்கூட நிர்வாகம் இரண்டு கம்ப்யூட்டர் வாங்கியது. தலைமையாசிரியர் அறைக்குக்கூட இல்லாத திரைச்சீலை அந்த அறைக்குப் போட்டார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறவர்கள் கம்ப்யூட்டர், தையல், தோட்டக்கலை என்ற மூன்றில் ஒன்றை விருப்பப் பாடமாக எடுக்கலாம் என்று அறிவித்தார்கள். தை மாதம் பாபநாசத்துக்குச் சுற்றுலா என்றும் அதே நாளில் அறிவித்தார்கள்.

இரண்டுக்கும் சேர்த்து ஒரே பாரம். அரைத் தாளில் மேலே 'என் மகன்/மகள் சுற்றுலா செல்லச் சம்மதிக்கிறேன்'. கீழே 'விருப்பப் பாடம்' என்று ஒரு வெற்றுக் கோடு. அதற்கும் கீழே பெற்றோர் கையெழுத்து. பாரங்களை என்னிடம் கொடுக்கும்போது சார் சொன்னார்.

"பொம்பளப் பிள்ளைங்க மட்டும் கோட்டை வெறுமன விட்ருங்க. எது தோதுன்னு நாங்க பேசி, பொறவு எழுதிக்கிடலாம். எழுதிக் கொண்டாறவ பேரைப் போர்டுல எழுது. சுற்றுலாவும் கெடையாது."

பெண்பிள்ளைகள் மட்டும் என்றாரே, அப்போதே நாற்றம் அடித்திருக்க வேண்டாமா? எனக்கு அடிக்கவில்லை. சுற்றுலா பஸ்ஸில் லீடருக்கு முன் ஸீட்டு என்று சொல்லியிருந்தார். நான் அந்த நினைப்பில் இருந்தேன்.

என்னையும் சேர்த்துப் பதினாலு பெண்களில் பதின்மூன்று பேர் கோட்டை வெறுமனே விட்டுக் கையெழுத்து வாங்கி வந்தார்கள். நஸீமா மட்டும் 'கம்ப்யூட்டர்' என்று எழுதிய பாரத்தோடு வந்தாள்.

நஸீமா மேலப்பாளையத்திலிருந்து வருகிறவள். எனக்குப் பக்கத்து இடம். அவள் உம்மா ஹமீது பீவி வீட்டில் தையல் மிஷின் வைத்திருந்தார். எங்கள் பள்ளிக்கூட யூனிபார்மில் பாதி அவர் தைத்ததுதான். அந்த 'கம்ப்யூட்டர்' என்ற எழுத்தும் அவர் எழுத்துதான். பேனாவை அழுத்தியதில் தாளின் பின்பக்கம் தடித்திருந்தது.

"உம்மாவே எழுதிட்டா. 'பத்தொம்பது வருசமா நான் மிதிக்கது போதும், நீ அந்த மிஷினு பக்கமே போவாத'ன்னு சொல்லுதா" என்றாள் நஸீமா.

"சார் எழுதக் கூடாதுன்னு சொல்லிருக்காருல்லா? வேற பாரம் தாரேன். வெறுமன வாங்கிட்டு வா."

"எதுக்குளா? எங்க விருப்பத்தை நாங்கதான எழுதணும்?"

எவ்வளவு சரியான கேள்வி! அதற்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? போர்டில் அவள் பெயரை எழுதினேன். மறுபடியும் கேட்டாள். 'அடங்கவில்லை' போட்டேன். அவள் தாளைத் தர மறுத்தாள். கடைசியில் என் அழகான கையெழுத்தில், கொம்பும் சுழியும் பிசகாமல், 'மிக மிக அடங்கவில்லை' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

இரண்டு நாள் அந்தப் பெயர் போர்டில் இருந்தது. மூன்றாம் நாள் நஸீமா வெற்றுக் கோட்டோடு புதிய பாரம் கொண்டுவந்தாள். போர்டு முன்னால் போய் நின்றாள்.

"மன்னிச்சிரு லீடர்."

அழித்தேன். இடத்தில் வந்து உட்கார்ந்ததும் பைய என்னிடம் சொன்னாள்: "உம்மா கையெழுத்துப் போடவே மாட்டேன்னுட்டா. 'வெறுந்தாள்ல யாராச்சும் கையெழுத்துப் போடுவாளா'ன்னு சத்தம் போட்டா. லீடர் யாருன்னு கேட்டா. கோமுதான்னு சொன்னேன். சரி, அந்தப் பிள்ளைன்னா போடுதேன்னு போட்டுட்டா."

சனிக்கிழமை பாபநாசம் போனோம். புளியோதரை, பாட்டு, அகஸ்தியர் அருவியில் குளியல், மணிமுத்தாறு அணையில் முறுக்கு. அதையெல்லாம் விரித்து எழுத எனக்கு மனசில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். திரும்பி வரும்போது அம்பலவாணன் சார் முன் ஸீட்டில் பாரக் கட்டை மடியில் வைத்து, பச்சை மைப் பேனாவால் ஏதோ எழுதிக்கொண்டே வந்தார். பஸ் குலுங்கிக் குலுங்கிப் போனது. ஜன்னல் காற்றில் தாள்கள் படபடத்தன.

"கோமு, பறக்காமப் பிடிச்சிக்கோ" என்றார்.

பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு தாளாக அவர் எழுதி முடிக்க முடிக்க வாங்கி, கவிழ்த்து அடுக்கி, மேலே என் கையை வைத்துக்கொண்டேன். அவர் பேனா மூடிகூட என் கையில்தான் இருந்தது. வந்தவர்கள் கணக்கை எழுதுகிறார் என்று நினைத்தேன். ஒரு தாளைத் திருப்பிப் பார்த்திருக்கலாம். சார் நம்மை உதவிக்குக் கூப்பிட்டார் என்ற பெருமையில் கண் அவிந்து போயிருந்தது.

திங்கட்கிழமை காலை நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். கம்ப்யூட்டருக்கு எங்கள் வகுப்பில் இருபது பேர். இருபதும் பையன்கள். தோட்டக்கலைக்குப் பதினொரு பேர், அதுவும் பையன்கள். தையலுக்குப் பதினாலு பேர். பதினாலும் நாங்கள்.

நஸீமா பட்டியலை இரண்டு தடவை படித்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"உம்மா எழுதுனத அழிக்க வச்சவ நீதானளா" என்றாள். அவ்வளவுதான். வகுப்புக்குப் போய், வேறு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

நான் ஆசிரியர் அறைக்கு ஓடினேன். அம்பலவாணன் சார் டீ குடித்துக்கொண்டிருந்தார். கேட்டேன். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. அதுதான் என்னால் இன்றும் பொறுக்க முடியாதது.

"இருக்கது ரெண்டு கம்ப்யூட்டர். பையனுவளுக்கே பத்தல. பொம்பளப் பிள்ளைக்குத் தையல்னா நாளைக்குப் போற எடத்துல கைத்தொழிலா இருக்கும். நல்லதுக்குத்தான் செய்யுதேன்."

"நஸீமா வீட்டுல கம்ப்யூட்டர்னு எழுதித் தந்தாங்க சார்."

"எந்தப் பாரத்துல எழுதிருக்கு? பெத்தவங்க கையெழுத்து இருக்குல்லா? அதைக் கேட்டு வாங்கினது யாரு? நீதான?" டீ கிளாஸை வைத்துவிட்டு, "போ, வகுப்பைப் பாத்துக்கோ. அடுத்த பீரியடு நாந்தான் வாறேன்" என்றார்.

வேலியே பயிரை மேய்ந்தது, சரி. அந்த வேலிக்கு முள் வெட்டிக் கொடுத்தவள் நானா? எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவர்மேல் பாதி, என்மேல் பாதி.

வகுப்புக்குப் போனேன். அன்றைக்கு ஒருவரும் பேசவில்லை. சாக்பீஸை எடுத்து, எப்போதும் எழுதுகிற அதே மூலையில் எழுதினேன்.

1. அம்பலவாணன் சார் – மிக மிக அடங்கவில்லை

2. கோமு – மிக மிக அடங்கவில்லை

அடிக்கோடும் போட்டேன். மணி அடித்தது. சார் கணக்குப் புத்தகத்தோடு உள்ளே வந்தார். பிள்ளைகள் முகத்தைப் பார்த்தார், பிறகு போர்டைப் பார்த்தார். காது சிவந்தது.

"யாருளா எழுதுனது?" கேட்கவே வேண்டியதில்லை. அந்தக் கையெழுத்துக்காகத்தானே என்னை லீடர் ஆக்கினார். "அழிளா அதை!"

"மன்னிப்புக் கேட்டாத்தான் சார் அழிக்கணும்" என்றேன். டஸ்டரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"ஏலே ஸ்ரீராகவ், நீ வந்து அழி!"

ஸ்ரீராகவ் முதல் பெஞ்சுப் பையன், சொன்ன பேச்சைத் தட்டாதவன். எழுந்து நின்றான். கம்ப்யூட்டர் பட்டியலில் அவனுக்குத்தான் முதல் இடம். பாவம், போர்டையும் சாரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"லீடர்தான் சார் அழிக்கணும். நீங்கதான சார் சொன்னீங்க" என்றான். துடுக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவனுக்குச் சந்தேகம்.

பின் பெஞ்சில் பிச்சைக்கண்ணு தும்மினான். இல்லை, அது சிரிப்பு.

சார் தலைமையாசிரியரைக் கூட்டிவரப் போனார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்களே, அது அந்த நிமிடம்தான். அவர் போனதும் நான் போர்டுக்கு முன்னால் போய், மற்றவர்கள் நின்ற அதே இடத்தில் நின்றேன். நஸீமாவைப் பார்த்தேன்.

"மன்னிச்சிரு நஸீமா."

பதினாலு பேரிடமும் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் பெயரைத்தான் நான் எழுதி அடிக்கோடு போட்டேன். நஸீமா உடனே எழவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன். காலெல்லாம் வலித்தது. கடைசியில் எழுந்து வந்தாள். என் கையிலிருந்த டஸ்டரை வாங்கினாள். இரண்டாவது வரியை மட்டும் அழித்தாள். டஸ்டரை மேசைமேல் வைத்துவிட்டு, போய் என் பக்கத்து இடத்தில் உட்கார்ந்தாள்.

தலைமையாசிரியர் வந்தபோது போர்டில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. எங்களைத் திட்டினார். என்னைக் காரணம் கேட்டார். சொன்னேன். பாரக் கட்டைக் கொண்டுவரச் சொன்னார். பதினாலு தாளிலும் பெற்றோர் கையெழுத்து நீல மையில், நிதானமாக இருந்தது. 'தையல்' மட்டும் பச்சை மையில், பஸ் குலுங்கிய குலுக்கலில் கோணல்மாணலாகக் கிடந்தது. தலைமையாசிரியர் தாள்களை ஒன்றொன்றாகப் பார்த்தார். பிறகு சாரைப் பார்த்தார்.

"என்ன சார் இது, பதினாலு வீட்டுலயும் ஒரே கை எழுதிருக்கு?"

சார் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார். தலைமையாசிரியர் அதற்குமேல் கேட்கவில்லை. ஆசிரியர் மானம் காக்கும் விஷயத்தில் எல்லோரும் ஒரே கட்சிதான். புதிய பாரம் கொடுக்கச் சொன்னார். என்னை லீடர் பொறுப்பிலிருந்து நீக்கினார். என்னைத் தண்டிக்க ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

புதிய பாரத்தில் ஒன்பது பேர் கம்ப்யூட்டர் எழுதினார்கள். ஐந்து பேர் தையலே எழுதினார்கள். அது அவர்கள் விருப்பம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஹமீது பீவி இந்தத் தடவை எழுதிய 'கம்ப்யூட்டர்' கோட்டைத் தாண்டி இரண்டு பக்கமும் வழிந்தது. ஒரு கம்ப்யூட்டருக்குப் பதினைந்து தலை என்று இடித்துக்கொண்டுதான் படித்தோம். படித்தோம்.

அந்தப் பெயரை? சாயங்காலம் எல்லோரும் போன பிறகு சாரே கையால் அழித்திருக்கிறார். அன்று பஸ் நிறுத்தத்தில் அவர் வேட்டியில் கை துடைத்த சாக்பீஸ் தூசியைப் பிள்ளைகள் பார்த்தார்கள்.

ஐந்து வருடம் கழித்து, கல்லூரி முதல் வருடத்தில், வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். கிழக்கே ஏரலிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு சிரித்தார்.

"என்ன லீடர், நல்லாருக்கியாளா? என்ன படிக்கே?"

"கம்ப்யூட்டர் சயின்ஸ் சார்."

"பாத்தியா! எல்லாம் நம்ம பள்ளிக்கூடம் போட்ட அஸ்திவாரம்."

அடேயப்பா! நாக்கு கூசாமல் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போவல சார். மன்னிச்சிருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அழிச்சிருதேன்" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. ரோட்டைப் பார்த்தார். ஒரு பஸ் வந்து நின்றது. "பஸ் வந்துட்டு, வாறேன்" என்று சொல்லி வேகமாக ஏறிக்கொண்டார்.

அது தெற்கே போகிற நாகர்கோவில் பஸ்.