தங்கியிருப்பது வேறு

வெள்ளம் வடிந்த ஒன்பதாம் நாள், கல்வி அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். சேறு படாமலிருக்க ஷூவுக்கு மேல் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தார். அலுவலகத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்த ஒரே நிவாரணப் பொருள் அந்தப் பைதான்.

வீடிழந்த நாற்பது குடும்பங்கள் அப்போது வகுப்பறைகளில் தங்கியிருந்தன. ஐந்தாம் வகுப்பில் சமையல். மூன்றாம் வகுப்பில் ஒரு பிரசவமே ஆகியிருந்தது.

ஆய்வாளர் நேராக வருகைப் பதிவேட்டைப் புரட்டினார்.

"என்ன டீச்சர், ஒம்பது நாளா ஒரு பிள்ளைகூட வரலையா?"

"வரலையாவா? எல்லாரும் இங்கதான் சார் இருக்காங்க. வீட்டுக்கே போகல." என் மேசைக்கடியில் தூங்கிக்கொண்டிருந்த நான்கு பேரைக் காட்டினேன்.

"தங்கியிருக்கறது வேற, வருகை வேற. முதல்ல குடும்பங்களைக் காலி பண்ணச் சொல்லுங்க. அப்பத்தானே பிள்ளைங்க படிக்க வர முடியும்?"

வெள்ளம் எங்களுக்கு வீட்டைத்தான் அடித்துக்கொண்டு போனது. இவருக்கு மூளையையே கொண்டுபோயிருந்தது.

மறுநாளே குடும்பங்களைக் காலி செய்ய வைத்தார்கள். வாசலுக்குச் செங்கல் சூளை லாரி வந்தது. வீடில்லாத ஊரில் என்ன செய்வது என்று எல்லோரும் அதில் ஏறிச் சூளை வேலைக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகளையும் கையோடு கூட்டிப்போனார்கள்.

தரையைக் கழுவி, பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, மணியடித்துவிட்டுக் காத்திருந்தேன். ஆய்வாளர் மட்டும்தான் வந்தார். காலியான அறைகளைச் சுற்றிப் பார்த்தவருக்கு முகமெல்லாம் பல்.

"இப்பத்தான் டீச்சர், பார்க்கப் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கு."