சென்டர் ஹாஃபின் முழங்கால்

தங்கச் சுரங்கத்தின் விளக்கு அறை ஜன்னலுக்கு வெளியே காலை ஷிஃப்ட் வரிசை நின்றது. சித்தார்த்தன் டோக்கனை வாங்கி ஆணியில் மாட்டினான். விளக்கை எடுத்து நீட்டினான். மற்ற நாட்களில் கீழ்த்தட்டுக்குக் குனிந்து குனிந்து எடுப்பான். இன்று அரை மணி முன்னதாகவே வந்து, கீழ்த்தட்டு விளக்குகள் எல்லாவற்றையும் மேசைமேல் அடுக்கி வைத்திருந்தான். உடம்பின் கனம் வலது காலில் இருந்தது. மேசைக்கு அடியில் இடது கால் லேசாக மடங்கி, விரல் நுனி மட்டும் தரையில் பட்டபடி இருந்தது.

"ஞாயித்துக்கெழம ஹாக்கியில பாலகாட்டு மைன்காரனுங்களுக்கு ரெண்டு கோல் போட்டு அனுப்பு," என்றார் வரிசையில் ஒருவர்.

"நான் சென்டர் ஹாஃப். போடமாட்டேன். போட வுடமாட்டேன்."

சிரித்தார்கள். ஆட்களைக் கீழே இறக்கும் கேஜின் மணி அடித்தது. வரிசை கலைந்ததும் அவன் இரண்டு கைகளாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

ஷாஃப்ட்டின் முதலுதவி அறையில் கட்டுப்போடும் முனிரத்தினம் கடைசியாக வந்தார். அவனைப் பார்த்தார். டோக்கனை நீட்டவில்லை.

"கதவாண்ட வா. நடந்து வா."

நான்கு எட்டு நடந்தான்.

"எப்போ?"

"நேத்து சாயந்தரம்ணா. பிராக்டீஸ்ல."

முதலுதவி அறையில் கால்சட்டையைச் சுருட்டினார். சில்லு எது, பக்கம் எது என்று தெரியாமல் முழங்கால் உருண்டிருந்தது. உள்பக்கம் கட்டைவிரலை வைத்ததும் சித்தார்த்தன் பெஞ்சிலிருந்து எழும்பினான்.

"திரும்பறப்போ சத்தம் கேட்டுச்சா?"

"டப்புன்னு. பக்கத்துல இருந்தவனுக்கே கேட்டுச்சு."

"அப்புறம் இன்னா பண்ணே?"

"ஆடினேன்."

"ஆடினியா?"

"ரத்தம் வரலியேண்ணா. எலும்பு ஒடையல. கீழ சுரங்கத்துல இன்னான்னா பாத்துகீறோம். இதுக்குப் போயி படுத்தா பசங்க சிரிப்பானுங்க."

"நீட்டு."

கால் முக்கால் தூரம் போய் நின்றது. கதவில் கல் மாட்டியதுபோல அதற்கு மேல் போகவில்லை.

"உள்ள சவ்வு கிழிஞ்சுகீது. கிழிஞ்சது நடுவுல மாட்டிகினுகீது. வூட்ல இன்னா வைத்தியம்?"

"ராணி எண்ணெய காய்ச்சி உருவினா. உப்பு ஒத்தடம் குடுத்தா."

"அதான் இப்படி ஊதிகீது. மொத ரெண்டு நாளு சூடே காட்டக் கூடாது. சோடாக்கடையில ஐஸ் வாங்கித் துணியில சுத்தி வை. கால தலகாணி மேல ஒசத்தி வை. உருவாத. ஒன்றரை மாசம் ஓட்டம் கெடையாது."

"ஞாயித்துக்கெழம மேட்ச்சு."

"ஷிஃப்ட்டு முடிஞ்சதும் நேரா கிரவுண்டுல எறங்கிடறீங்க. பத்து நிமிஷம் மெதுவா ஓடி ஒடம்ப எளக்கினா இன்னா கொறஞ்சி போவுது? அந்தக் கல்லுத் தரையில சடார்னு திரும்பினா முட்டி இன்னா பண்ணும்?" பதிவேட்டை எடுத்துப் பிரித்தார். சித்தார்த்தன் அதன்மேல் கையை வைத்தான்.

"எழுதாதீங்கண்ணா."

"வைத்தியம் பண்ணா எழுதணும்."

"அப்போ பண்ணாதீங்க."

மூன்று வருடத்துக்கு முன்பு அவன் எட்டு மாதம் சுரங்கத்தில் இறங்கியிருந்தான். ஒருநாள் பாறை வெடித்து வழி மூடியது. பதினோரு மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்தவர் நான்காவது மணி நேரம் வரை பேசிக்கொண்டிருந்தார். வெளியே வந்த பிறகு டைம் ஆபீஸ் கிளாரன்ஸ் அவன் ஹாக்கி ஆடுவதைப் பார்த்தார். ஷாஃப்ட் அணிக்கு ஆள் சேர்ப்பவர் அவர்தான். அடுத்த மாதம் விளக்கு அறையில் வேலை வந்தது. அணியில் இருப்பவர்களுக்கு மேலே வேலை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆடாதவர்கள் கீழே போனார்கள். அதுவும் எழுதியிருக்கவில்லை.

முனிரத்தினம் பதிவேட்டை மூடினார். துணிப் பட்டையை ஈரமாக்கி, கெண்டைக்காலிலிருந்து மேல்நோக்கிச் சுற்றினார்.

ஸ்கெலட்டன் குடியிருப்பில், கம்பெனி கொடுத்த லைன் வீட்டு வாசலில் மனைவி ராணி அவன் நடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உருவினது தப்பாம்," என்றான்.

அவள் தன் கைகளைப் பார்த்தாள். "என்னாலயா மாமா?"

"இல்ல. முன்னாடியே கிழிஞ்சிடுச்சாம்."

"கிளாரன்ஸ் தொரைகிட்ட சொல்லேன். ஒரு மேட்ச்சுதானே."

"மாரிகுப்பத்துல ஒருத்தன் காத்துகினுகீறான். அவனும் சென்டர் ஹாஃப்தான்."

அவள் அடுப்பை ஊதப் போனாள். திரும்பாமல் சொன்னாள்: "நீ கீழ இருந்தப்போ பாறை வெடிச்சி அலமாரியில டம்ளர் ஆடினாலே நான் ஷாஃப்ட்டுக்கு ஓடுவேன். மூணு வருஷமா டம்ளர் ஆடினா ஆடட்டும்னு உக்காந்துகினுகீறேன்."

சோடாக்கடைக்கு அவளே போனாள்.

சனிக்கிழமை கிளாரன்ஸ் ஜன்னலுக்கு வந்தார்.

"இன்னா மேன், ரெண்டு நாளா கிரவுண்டு பக்கம் காணோம்?"

"வயிறு சார்."

"வயிறுதானே?"

"வயிறுதான் சார்."

அவர் மேசைமேல் அடுக்கியிருந்த விளக்குகளைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். "நாளைக்கு வந்துடு. இல்லேன்னா இப்பவே சொல்லு, நான் ஆளு பாக்கணும்."

"வந்துடறேன் சார்."

ஞாயிற்றுக்கிழமை காலை ராணி புத்தர் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினாள். பட்டை தெரியாமலிருக்க அவன் காலுறையை மேலே இழுத்துவிட்டான். முதல் பாதியில் பந்தைத் துரத்தவில்லை. பந்து வரும் இடத்தில் போய் நின்றான். யாருக்கும் தெரியவில்லை. "நின்ன எடத்துலயே ஆடறான்யா, ராஜா," என்று கோட்டுக்கு வெளியே ஒருவர் கத்தினார். இரண்டாவது பாதியில் பாலகாட் ஃபார்வர்ட் ஒருவன் அவனைத் தாண்டினான். சித்தார்த்தன் திரும்பினான். பாதம் கல்லில் ஊன்றி நின்றது. உடம்பு மட்டும் திரும்பியது.

விழுந்தவனைச் சுற்றி நான்கு பேர் வந்தார்கள். எல்லோரும் சுரங்கத்தில் முதலுதவி கற்றவர்கள். ஒருவன் தோளைப் பிடித்தான். ஒருவன் குதிகாலைப் பிடித்தான். "எலும்பு சரியாத்தான்டா கீது, மூட்டு நழுவிகீது, இழு," என்றான். முனிரத்தினம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவருவதற்குள் இழுத்துவிட்டார்கள்.

ஷாஃப்ட் அணி ஒன்றுக்கு சைபர் என்று ஜெயித்தது. மறுநாள் கிளாரன்ஸ் நான்கு ஆரஞ்சுப் பழங்களோடு வீட்டுக்கு வந்தார். "நல்லா ஆடினே மேன்," என்றார். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

மாரிகுப்பத்துக்காரன் விளக்கு அறைக்கு வந்துவிட்டான் என்று மூன்றாவது வாரம் தெரிந்தது. கிரவுண்டில் பட்ட அடி டியூட்டியில் பட்ட அடி ஆகாது என்று டைம் ஆபீஸில் சொன்னார்கள். ஐந்தாவது வாரம் ஓலை வந்தது. சுரங்க வேலைக்கு மாற்றம். முதலில் மருத்துவப் பரிசோதனை.

"டாக்டரு உக்காந்து எழுந்திரிக்கச் சொல்வாரு," என்றார் முனிரத்தினம். "முடியலேன்னா அன்ஃபிட்."

"அன்ஃபிட்டுன்னா கீழ அனுப்ப மாட்டாங்க இல்ல?" என்று ராணி கேட்டாள்.

"வேலையே இருக்காதும்மா. இந்த வூடும்."

அன்றிலிருந்து தினமும் காலையில் அவன் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தான். அவள் அவன் முகத்துக்கு நேராக நின்று, "பல்ல கடிக்காத, தெரியுது," என்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மார்பைத் தட்டினார். நாக்கைப் பார்த்தார். "ஐந்து முறை," என்று சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினார். சித்தார்த்தன் உட்கார்ந்தான். முழங்காலுக்குள் ஏதோ புரண்டது. எழுந்தான். இரண்டு. மூன்றாவது முறை உட்கார்ந்தவனால் எழ முடியவில்லை. மாட்டிக்கொண்டது. மேசைக்குக் கீழே டாக்டரின் செருப்புகள் தெரிந்தன. மேலே பேனா ஓடும் சத்தம் கேட்டது. இன்னும் ஒரு நொடியில் அவர் குனிந்து பார்ப்பார் என்று நினைத்தான். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. இரண்டு கைகளாலும் வலது தொடையை அழுத்தி எழுந்து நின்றான்.

டாக்டர் தலை நிமிராமல் காகிதத்தில் முத்திரை குத்தினார்.

"ஃபிட். அடுத்த ஆளு."

வெளியே எட்டுப் படிகள். கைப்பிடி இல்லை. வேப்பமரத்தடியில் நின்ற ராணி ஓடி வந்தாள். அவன் வேண்டாம் என்று தலையசைத்தான். அறைக்குள் அடுத்த ஆள் போய்விட்டானா, கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தான். பிறகு மேல்படியில் உட்கார்ந்தான். இடது காலை முன்னால் நீட்டி, இரண்டு கைகளையும் ஊன்றி, ஒவ்வொரு படியாக இறங்கினான். முத்திரை குத்திய காகிதம் அவன் பற்களுக்கிடையே இருந்தது.