ராபென்வின்டர் வம்சம்

பஞ்சம் வந்த ஒரு குளிர்காலம் முழுக்க அண்டங்காக்கை தின்று உயிர் பிழைத்த எங்கள் மூதாதைக்கு ஊர் வைத்த பெயர் ராபென்வின்டர். என் கல்யாணத்துக்கு முன் ஜெர்மனி முழுக்கத் தேடினாலும் அந்தப் பெயரில் அப்பாவும் நானும்தான் இருந்தோம்.

"முல்லர்னு தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கான். எங்க பேரை வெச்சுக்கிட்டா பொண்ணைத் தர்றேன்" என்றார் அப்பா, என்னைக் கேட்டு வந்த கெர்னோட் முல்லரிடம். வைத்துக்கொண்டான்.

எனக்குக் குழந்தை பிறக்கவில்லை. ஏழாம் வருடம் என்னை விவாகரத்து செய்தான். பெயரை மட்டும் விடவில்லை, பாவி. சட்டத்தில் அதற்கு இடமுண்டு. புது மனைவிக்கும் அதையே கொடுத்தான்.

நேற்றைய பேப்பரில் அவனுக்கு ஆண் குழந்தை பிறந்த அறிவிப்பு: மோரிட்ஸ் ராபென்வின்டர். அப்பா அதைக் கத்தரித்து, சுவரில் மாட்டியிருக்கும் வம்சாவளிப் படத்தில் என் பெயர் மேலேயே ஒட்டினார்.

"அது நம்ம ரத்தமே இல்லப்பா."

"பேர் இருக்குல்ல" என்றார். "நீ என்னத்தக் கொடுத்தே?"