பதினெட்டு லட்சம் தூசி

அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் அவளுடைய பதவி, படத் தரச் சோதகர். அறை வாசலில் பலகையும் அப்படித்தான் சொன்னது. ஆனால் கட்டடத்தில் இருந்த நூற்றுப் பத்துப் பேருக்கும் அவள் நொட்டை அக்கா. முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் முழுப் பெயர். நொட்டை சொல்வதற்குச் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் அங்கே அவள்தான். மற்றவர்கள் அதை இலவசமாகவே செய்துவந்தார்கள்.

எந்தப் படமானாலும் ஒளிபரப்புக்கு முன் அவள் முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு மஞ்சள் தாளில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் ஒளிபரப்பு அறையில் ஒரு பொத்தானைக்கூடத் தொட மாட்டார்கள். அந்த ஆண்டில் பதினொரு முறை அவள் 'சரி இல்லை' என்று எழுதியிருந்தாள். ஒரு படத்தில் கதாநாயகி முகம் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. இன்னொன்றில் படத்தைப் பக்கவாட்டில் இழுத்துவிட்டதில் ஒல்லி வில்லன் ஊதிப் போய், பார்த்தால் பயத்துக்குப் பதில் பரிதாபம் வந்தது.

ஆண்டு இறுதி விடுமுறையின் முதல் நாள் மாலை ஆறு மணிக்குத் தொப்பிக்காரர் படம் போட வேண்டும் என்பது நிலையத்தின் எழுதாத சட்டம். படத்துக்கு வேறொரு நீளமான பெயர் உண்டு. அது எழுத்துப் போடும்போது மட்டும் வரும். மகளோடு சண்டை போட்டுக்கொண்டு எட்டு வருடத்துக்கு முன் வீட்டை விட்டுப் போன ஒருவர், விடுமுறைக்கு வீடு திரும்புகிறார். தலையில் கறுப்புத் தொப்பி. கடைசி ரயிலைக் கோட்டை விட்டுவிட்டு நடந்தே வந்து சேர்கிறார். கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை. வாசலிலேயே நிற்கிறார். பனி பெய்கிறது. கதவு திறக்கிறது. மகள் அவர் தொப்பியைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நேரமாவா நிக்கறீங்க?" என்கிறாள். அதோடு படம் முடிந்துவிடும், ஊரே மூக்கை உறிஞ்சும். அந்த ஊரில் பனி பெய்து யாரும் பார்த்ததில்லை. வருடத்துக்கு ஒரு தடவை, அந்த நாலு நிமிடம்தான் அவர்களுக்குப் பனிக்காலம்.

இந்த வருடம் படத்தின் புதுப் பிரதி வந்திருந்தது. ஒரு நிறுவனம் தூசி, கீறல், கறை எல்லாவற்றையும் இயந்திரத்தில் போட்டுக் கழுவி அனுப்பியிருந்தது. ஒரு மாதமாக ஊர் முழுக்க அதற்குத்தான் விளம்பரம்.

காலை ஏழரைக்கு அவள் பார்க்க உட்கார்ந்தாள். கோட்டில் இருந்த ஒவ்வொரு நூலும் தெரிந்தது. பொத்தானின் ஓட்டைகளை எண்ண முடிந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம் ஒரு குறையும் கிடைக்காததில் அவளுக்கே லேசாக உடம்பு சரியில்லாததுபோல் இருந்தது.

கடைசி ரீல் வந்தது. தொப்பிக்காரர் வாசலில் நின்றார். அண்ணாந்து பார்த்தார். உள்ளங்கையை நீட்டினார். கையில் எதுவும் விழவில்லை. துடைத்து வைத்த கண்ணாடிபோல் காற்று சுத்தமாக இருந்தது. கதவைத் திறந்த மகள் "இவ்வளவு நேரமாவா நிக்கறீங்க?" என்றது, பார்சல் கொண்டுவந்தவரை விசாரிப்பதுபோல் இருந்தது.

அவள் மஞ்சள் தாளை இழுத்து எழுதினாள்: 'சரி இல்லை. பனியைக் காணோம்.'

பத்து நிமிடத்தில் ஒளிபரப்பு மேலாளர் வந்துவிட்டார். காலணியிலிருந்து மேசை மேல் வைக்கும் பேனாவரை எல்லாம் மின்ன வேண்டும் அவருக்கு. ஆகவே கட்டடத்தில் அவர் பெயர் பளபளா. விளம்பர வாசகமும் அவர் எழுதியதுதான்.

"என்ன மேடம் இது, பனியைக் காணோம்னு? போலீஸ்ல புகார் குடுக்கற மாதிரி எழுதியிருக்கீங்க."

கோபம் வந்தால்தான் அவர் வாயில் மேடம் வரும்.

"காணோம் சார். கடைசி ரீல்ல பனி பெய்யணும்."

"பனியா? அது பனியே இல்ல மேடம். பழைய டிவியில புள்ளி புள்ளியா வரும், அதைத்தான் சொல்றீங்க. எங்க வீட்டுல அந்தக் கட்டம் வந்தா எங்கப்பா ஓடிப்போய் மாடியில ஏறி ஆன்டெனாவைத் திருப்புவார். நான் கீழேருந்து 'இன்னும் போகலப்பா, இன்னும் போகலப்பா'ன்னு கத்துவேன். ஒரு வருஷமா ரெண்டு வருஷமா? புள்ளி போனதே கிடையாது."

"சார், அந்த ஆள் கையை நீட்டிப் பாக்கறாரே?"

"மழை வருதான்னு பாக்கறார்."

அவர் ஒரு தாளை மேசையில் வைத்தார். கழுவிய நிறுவனத்தின் அறிக்கை. துடைத்த தூசி, ரீல் ரீலாகக் கணக்கு. மொத்தம் இருபது லட்சம். அதைப் பெருமையாகத் தட்டிக் காட்டிவிட்டு, அதன் மேல் இன்னொரு தாளை வைத்தார். அது மாற்றல் உத்தரவு. தேதி மட்டும் போடாமல் இருந்தது.

"பன்னிரண்டாவது தடவை மேடம் இது. சாயங்காலம் ஆறு மணிக்குப் படம் போகணும். மூணு மணிக்குள்ள 'சரி'ன்னு எழுதிக் குடுங்க. இல்லேன்னா நாளையிலேர்ந்து நீங்க விளம்பரப் பிரிவு. அங்க உக்காந்து சோப்பு நுரையை எண்ணிக்கிட்டிருங்க. இந்த நாற்காலிக்கு நல்ல மனசுள்ள ஆளா பாத்து நான் போட்டுக்கறேன்." உத்தரவை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

பதினாறு வருடமாக அவள் உட்காரும் நாற்காலி அது. இடது கை வைக்கும் இடத்தில் அவள் முழங்கை அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. நல்ல மனசுள்ள ஆள் வந்தால் கத்திரிக்காய் முகங்கள் எல்லாம் தங்கு தடையின்றி ஊருக்குள் போகும்.

சித்தப்பாவுக்குப் போன் செய்தாள். வாங்கிய பொருளின் அட்டைப் பெட்டியைக்கூடத் தூக்கி எறியாதவர் அவர். தொப்பிக்காரர் படத்தை டிவியிலிருந்து பதிவு செய்த கேசட் இருக்கிறதா என்று கேட்டாள்.

"எத்தனையாவது வருஷத்துது வேணும்?" என்றார் சித்தப்பா.

பதினொரு மணிக்கு அவரே ஆட்டோவில் வந்து இறங்கினார். ஒரு கையில் கேசட், இன்னொரு கையில் குழந்தையைப் போல் துணியில் சுற்றிய பிளேயர். அதன் மூடி நிற்பதற்கு ஒரு ஸ்பூன் செருக வேண்டும். ஸ்பூனையும் கொண்டுவந்திருந்தார். படங்களை வெட்டி ஒட்டும் இளைஞன், கத்திரி என்று பெயர், ஒயர்களை மாட்டிவிட்டான். பளபளாவை அழைத்தார்கள். வேடிக்கை பார்க்க அழைக்காமலே ஏழெட்டுப் பேர் வந்தார்கள்.

கேசட் ஓடியது. கடைசிக் காட்சி. தொப்பிக்காரர் வாசலில் நின்றார். வெள்ளைப் புள்ளிகள் கொட்டோ கொட்டென்று கொட்டின.

"பாருங்க சார், பனி" என்றாள்.

"கொஞ்சம் பின்னாடி போங்க" என்றார் பளபளா.

சித்தப்பா ஸ்பூனை எடுத்து, பொத்தானை அழுத்தி, ஸ்பூனைத் திரும்பச் செருகினார். மகள் சமையலறையில் பாத்திரம் கழுவும் காட்சி. அங்கேயும் வெள்ளைப் புள்ளிகள் கொட்டோ கொட்டென்று கொட்டின.

"சமையலறைக்குள்ளயும் பனி பெய்யுது போல" என்றார் பளபளா. சித்தப்பாவைக் காட்டினார். "சாரைக் கேளுங்க, அன்னிக்கு அவர் வீட்டுக்குள்ளயும் பெஞ்சிருக்கும்."

அறை முழுக்கச் சிரித்தது. சித்தப்பாவும் சேர்ந்து சிரித்தார். அப்புறம் அண்ணன் மகள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"ஆன்டெனா கொஞ்சம் சாஞ்சிருந்துச்சும்மா" என்றார் மெதுவாக.

எல்லோரும் கலைந்தார்கள். மணி ஒன்றரை. சித்தப்பா வாங்கிவந்த இரண்டு சாப்பாட்டுப் பொட்டலத்தில் அவளுடையது பிரிக்காமல் கிடந்தது. அவள் இரண்டு திரைகளிலும் கடைசிக் காட்சியை ஓடவிட்டாள். இடது பக்கம் கேசட், எல்லாமே புள்ளி. வலது பக்கம் கழுவிய பிரதி, புள்ளியே கிடையாது. நாலைந்து முறை பார்த்தாள். கண்ணில் நீர் கட்டியது.

"அந்த மனுஷன் தொப்பியையாவது ஒரு தட்டுத் தட்டலாம், அப்படியே நிக்கிறாரே" என்றார் சித்தப்பா, வாயில் சோற்றோடு.

"எதுக்குத் தட்டணும்?"

"வெள்ளை வெளேர்னு ஆயிடுச்சே."

அவர் பார்த்துக்கொண்டிருந்தது வலது பக்கத் திரையை.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்தாள். காட்சி தொடங்கும்போது நிறுத்தினாள். தொப்பி கறுப்பு. முடியும்போது நிறுத்தினாள். வெள்ளை. தோள்பட்டை இரண்டும் வெள்ளை. காலையிலிருந்து காற்றில் தேடிக்கொண்டிருந்தவள் தொப்பியைப் பார்க்கவே இல்லை. டிவிப் புள்ளி எவ்வளவு கொட்டினாலும் எவர் தலையிலும் தங்காது.

அப்புறம் அந்த அறிக்கையை எடுத்தாள். முதல் ரீலில் துடைத்த தூசி முப்பதாயிரம். இரண்டாவதில் நாற்பதாயிரம். கடைசி ரீலில் மட்டும் பதினெட்டு லட்சம்.

இரண்டேகாலுக்கு அவளே பளபளாவின் அறைக்குப் போனாள். அந்தப் பக்கம் அவள் போவது அபூர்வம், கண் கூசும். நிறுத்திப் பார்த்த இரண்டு தொப்பிகளையும் தாளில் அச்செடுத்து வந்து மேசையில் வைத்தாள்.

"சார், இந்தத் தொப்பிக்கு யார் வெள்ளை அடிச்சது?"

பளபளா பார்த்தார். இதையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"கவலையில நரைச்சிருக்கும்" என்றார். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"தொப்பியா சார்?"

அவள் போனை எடுத்து, அவர் மேசையிலிருந்தே கழுவிய நிறுவனத்துக்கு அடித்து, ஒலிபெருக்கியில் போட்டாள். ஜலதோஷம் பிடித்த ஒரு குரல் எடுத்தது.

"தூசின்னு உங்க மெஷினுக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டாள்.

"பிலிம்ல ஒரு சின்னப் படத்துல இருக்கும், அடுத்த சின்னப் படத்துல அதே இடத்துல இருக்காது. அதுதாங்க தூசி. பறக்கறதெல்லாம் துடைச்சிடும், ஒரே இடத்துல இருக்கறதை விட்டுடும்."

"பனி பெஞ்சா?"

குரல் ஒரு தும்மல் தும்மியது.

"அதை யாரும் மெஷினுக்குச் சொல்லலீங்க" என்றது.

கழுவுவதற்கு முந்தைய கடைசி ரீல் அவர்களிடம் பத்திரமாக இருந்தது. அனுப்பச் சொன்னாள். அது வந்து சேர நாலரை ஆயிற்று. கத்திரி அதை வெட்டிச் சேர்க்க ஐந்தேகால். பளபளா கைக்கடிகாரத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, கையெழுத்தைப் போட்டுடுங்க." மேடம் எங்கேயோ போயிருந்தது.

"பாக்காம போட மாட்டேன் சார்."

"முழுசா வந்திருக்கு அக்கா."

"காலையிலயும் முழுசாத்தான் வந்துச்சு."

அவள் பதினெட்டு நிமிட ரீலையும் அசையாமல் பார்த்தாள். ஓரத்தில் ஒரு கீறல் நெளிந்தது. இரண்டு இடத்தில் கறை. வேறொரு நாளாக இருந்தால் தாள் போதாமல் பின்பக்கமும் எழுதியிருப்பாள். தொப்பிக்காரர் வாசலுக்கு வந்தார். அண்ணாந்தார். கையை நீட்டினார். உள்ளங்கையில் ஒன்று விழுந்து உருகியது. அப்புறம் ஆயிரம், அப்புறம் லட்சம். வாசல் விளக்குக்குக் கீழே ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய, அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தன. சித்தப்பாவின் கேசட்டிலும் இப்படி வந்ததில்லை, எந்த வருடத்து டிவியிலும் இப்படித் தெரிந்ததில்லை. பின்னால் நின்றிருந்த கத்திரி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

மஞ்சள் தாளில் எழுதினாள்: 'கீறல் உண்டு. கறை உண்டு. பனி உண்டு. சரி.'

ஆறு மணிக்குப் படம் போயிற்று. ஏழே முக்காலுக்குக் கட்டடத்தில் யாரும் தன் இடத்தில் இல்லை. கணக்குப் பிரிவு, செய்திப் பிரிவு, காவலாளி, சித்தப்பா, ஸ்பூன் எல்லாம் கூடத்துப் பெரிய திரைக்கு முன்னால். பனி விழத் தொடங்கியதும் பளபளாவின் கைப்பேசி அடித்தது.

"டேய், உங்க சானல்ல இந்த வருஷமும் புள்ளி வருது" என்றார் அவர் அப்பா. குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "ரிமோட்ல எதை அமுக்கணும்?"

"எதையும் அமுக்காதீங்கப்பா. அது பனி."

"என்னது?"

"ஆன்டெனா எப்பவுமே சரியாத்தான்ப்பா இருந்துச்சு. உக்காந்து பாருங்க."

திரையில் கதவு திறந்தது. மகள் தொப்பியைப் பார்த்தாள். "இவ்வளவு நேரமாவா நிக்கறீங்க?"

"அட" என்றது கைப்பேசி. "அந்தப் பொண்ணு கதவைத் திறந்துடுதாடா? நான் ஒரு தடவைகூட இதைப் பாத்ததில்லையே."

பளபளா கைக்குட்டையை எடுத்தார். முதல் முறையாக, எதையும் பளபளப்பாக்குவதற்காக அல்ல. பிறகு சட்டைப் பையிலிருந்த மாற்றல் உத்தரவை நாலாக, எட்டாக, பதினாறாகக் கிழித்து, நொட்டை அக்காவின் தலைக்கு மேலே தூவினார். கூடமே கை தட்டியது.

அவள் தலையைத் தட்டிவிடாமல் நின்றாள்.

"கொஞ்சம் பெரிசு பெரிசா கிழிச்சுட்டீங்க சார்" என்றாள்.