நாலு லட்சத்து இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு

அவள் கணவரின் மணிக்கட்டில் ஆஸ்பத்திரிக்காரர்கள் கட்டிய பட்டையில் 402117 என்று அச்சடித்திருந்தது. ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு நேற்று வந்து சேர்ந்தவர், இதுவரை அந்த எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு அதுதான் கவலை.

அவர் கணக்கு வாத்தியார். பிள்ளைகள் வைத்த பெயர் 'மீதி சார்'. பஸ் டிக்கெட்டோ முன்னால் போகும் லாரியின் நம்பரோ, கண்ணில் பட்டதை எதையாவது கொண்டு வகுத்து மீதி பார்க்காமல் விடமாட்டார். குடியிருக்கும் வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வராது. கதவு எண் 496 என்பதற்காகவே பிடித்த வீடு. தன்னை வகுக்கும் சின்ன எண்களையெல்லாம் கூட்டினால் அதுவே திரும்ப வருமாம், நிறைவெண்ணாம். கூட்டுத்தொகை குறைந்தால் குறைவெண், மிஞ்சினால் மிகையெண். "அப்ப உங்க அம்மா மிகையெண்ணா?" என்று அவள் கேட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்.

காலையில் டாக்டர் பெயர், கிழமை எல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சரியாக வந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தார்.

"என்னங்க, கையில இருக்கற நம்பர் எப்படி?"

அவர் பட்டையைத் திருப்பிப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"பகா எண். எதாலயும் வகுபடாது. அருமையான நம்பர்."

அவளுக்கு மூச்சு வந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே இலக்கங்களைக் கூட்டினாள். கல்யாணமான புதிதில் அவர் சொல்லிக்கொடுத்ததில் அவள் மனதில் நின்றது இது ஒன்றுதான்: இலக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றால் வகுபட்டால் எண்ணும் வகுபடும். பதினைந்து வந்தது. மறுபடி கூட்டினாள். பதினைந்துதான்.

"மூணால போகுதேங்க."

"போகாது."

"கூட்டினா பதினஞ்சு வருது."

அவர் பட்டையைப் பார்க்கவில்லை. போர்வையை இழுத்துக் கையை மூடிக்கொண்டார். "டாக்டர்கிட்ட இதையெல்லாம் சொல்லிட்டு நிக்காத. எனக்கு வீட்டுக்குப் போகணும்."

அவருக்கும் தெரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

அனுப்பிவைக்க வந்த டாக்டர் வழக்கம்போல் கேட்டார். "வித்தியாசமா ஏதாவது தெரியுதாம்மா?"

கணவர் அவளையே பார்த்தார். தப்பு செய்துவிட்டு வகுப்பில் நிற்கும் பையனின் பார்வை. அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"மூணால வகுபடற நம்பரை பகா எண்ணுன்னு சொல்றாருங்க."

"எனக்கே தெரியாதேம்மா அது." டாக்டர் சிரித்தார்.

"உங்களுக்குத் தெரியாம இருக்கலாங்க. இவருக்குத் தெரியாம இருக்காது."

டாக்டரின் சிரிப்பு மெல்ல அடங்கியது. டார்ச்சை எடுத்து அவர் கண்களில் அடித்துப் பார்த்தார். இன்னொரு தடவை ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார்.

தள்ளுவண்டியில் போகும்போது அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. லிப்ட் வாசலில் அவளை நிறுத்திவிட்டார்கள். கதவு மூடும்போது போர்வைக்கு வெளியே கிடந்த அவர் கையைப் பார்த்தாள். கட்டைவிரல் ஒவ்வொரு விரல் கணுவாகத் தொட்டுக்கொண்டே போய், பாதியில் நின்று, மறுபடியும் முதல் கணுவிலிருந்து தொடங்கியது.